பந்திங்கிலிருந்து செய்தி அறைக்கு எவ்வளவு தூரம்

1941-இல் மலாயாவின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று சைக்கிளைப் பற்றியது. தோட்டத் துரையோ, கணக்கெழுதும் கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். சம்பளம், மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு, கள்ளுக்கடையை மூடுவது எல்லாம் அதே பட்டியலில் இருந்தன. பேசவும் கூடவும் உரிமை வேண்டும் என்பதும் இருந்தது. அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் கோலாலம்பூரில் தமிழ் நேசன் நாளிதழில் வேலை பார்த்தவர். மே மாதம் அவரைக் கைது செய்தார்கள், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். கைதைக் கேட்டுத் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

சிலாங்கூர் மாநிலத் தோட்டப் பட்டணமான பந்திங்கில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளிடம் ஊடக வேலையைப் பற்றிப் பேசப் போகும் ஒவ்வொரு தடவையும் நான் இந்தக் கதையிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அதெல்லாம் கேஎல் பிள்ளைங்களுக்குத்தானே சார்?" தோட்டத்துக்கும் பத்திரிகைக்கும் இருந்த உறவு எவ்வளவு நெருக்கமானது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. அந்த உறவு எப்படி அறுந்தது என்று தெரிந்தால்தான், இன்று ஒரு தோட்டப்புற மாணவர் செய்தி அறைக்குள் போக என்ன தேவை என்று புரியும்.

பத்திரிகையே வகுப்பறையாக இருந்த காலம்

1950-51இல் தமிழ் நேசனில் 'கதை வகுப்பு' நடந்தது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்தினார்கள். பத்திரிகையில் பாடம் வரும். வாசகர்கள் எழுதித் தபாலில் அனுப்புவார்கள். அங்கே படித்துப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். மலேசியத் தமிழ் எழுத்தின் ஒரு தலைமுறை அந்த வகுப்பிலிருந்து வந்தது. சில ஆண்டுகளில் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி நடத்திய தமிழ் முரசில் 'மாணவர் மணிமன்றம்' வந்தது. பள்ளிப் பிள்ளைகள் அதில் எழுதினார்கள், பெயரை அச்சில் பார்த்தார்கள், பிறகு ஊர் ஊராக மணிமன்றம் அமைத்தார்கள். இன்றைய தமிழ் இளைஞர் மணிமன்றங்களின் வேர் அதுதான். தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் 'சங்கமணி' என்று தனியாக ஒரு இதழே நடத்தியது.

இவற்றையெல்லாம் இலக்கிய வரலாறாகப் பாடம் நடத்துகிறோம். வேலைக்கு ஆள் தயாரான விதமாகப் பார்ப்பதில்லை. அப்படிப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் எழுதிய பையன் வீட்டை விட்டு எங்கேயும் போக வேண்டியதில்லை. தபால்தலைக் காசு இருந்தால் போதும். அனுப்பியதை ஒரு அனுபவசாலி படித்தார், எங்கே சரியில்லை என்று சொன்னார். நன்றாக எழுதியவர்களைப் பத்திரிகைகள் தெரிந்து வைத்திருந்தன. இடம் காலியானபோது யாரைக் கூப்பிடுவது என்ற குழப்பம் ஆசிரியர்களுக்கு வரவில்லை.

பந்திங் இருக்கும் எங்கள் கோலலங்காட் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. கேரித்தீவு முழுக்கத் தோட்டம். முன்பு பால்மரம், இப்போது செம்பனை. அங்கே ஆசிரியராக இருந்த கவிஞர் முரசு நெடுமாறன் குழந்தைப் பாடல்களுக்காக நாடறிந்தவர். அவருடைய மகன் முத்து நெடுமாறன்தான் 1985-இல் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கினார். இந்த வட்டாரத்தின் தமிழ்ப் பத்திரிகைகள் கணினியில் எழுத்துக் கோத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கைப்பேசியில் பலர் தமிழ் தட்டும் 'செல்லினம்' அவர் செய்ததே. இன்று பந்திங் பிள்ளைகள் டிக்டாக்கில் தமிழில் கருத்துப் போடும்போது, பக்கத்துத் தீவின் குடும்பம் ஒன்று போட்டுக் கொடுத்த பாதையில்தான் விரல் ஓட்டுகிறார்கள். அதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு நிமிடம் சத்தமே இருக்காது.

என்ன மாறியது

தபாலில் வந்த வகுப்பு என்றோ நின்றுவிட்டது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றது. மற்ற நாளிதழ்களின் பக்கங்களும் சுருங்கின. மக்கள் ஓசை, மலேசிய நண்பன், தமிழ் மலர் போன்ற நாளிதழ்கள், மின்னல் எஃப்எம், டிவி2-இன் தமிழ்ச் செய்தி, பெர்னாமாவின் தமிழ்ப் பிரிவு, ஆஸ்ட்ரோ வானவில், ராகா, இணையத்தில் வணக்கம் மலேசியா போன்ற தளங்கள் என்று வேலை இருக்கும் இடங்கள் உண்டுதான். ஆனால் அத்தனையும் கிள்ளான் பள்ளத்தாக்கில், அதிலும் பெரும்பாலும் கோலாலம்பூரைச் சுற்றியே. வேலைக்கு எடுக்கும் முறையும் மாறிவிட்டது. டிப்ளோமாவோ பட்டமோ வேண்டும், ப்ராக்டிக்கல் எனும் வேலைப் பயிற்சி செய்திருக்க வேண்டும், செய்த வேலைகளின் தொகுப்பைக் காட்ட வேண்டும். நிருபர் வேலைக்கு சொந்த வாகனமும் லைசென்சும் கேட்பார்கள்.

படிப்பின் பக்கம் வழிகள் சிலருக்குத் திறந்தும் சிலருக்கு மூடியும் கிடக்கின்றன. நாட்டின் செய்தி அறைகளுக்கு நிறைய ஆட்களை அனுப்பிய யூஐடிஎம் பல்கலைக்கழகத்தின் ஊடகத் துறை பூமிபுத்ரா மாணவர்களுக்கானது, அதாவது மலாய்க்காரருக்கும் பழங்குடியினருக்கும். கேரித்தீவின் மா மெரி பழங்குடிப் பிள்ளைகள் அங்கே விண்ணப்பிக்கலாம், பக்கத்து லயத்துத் தமிழ்ப் பிள்ளை விண்ணப்பிக்க முடியாது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு மலாயாப் பல்கலைக்கழகம், யுஎஸ்எம், யூகேஎம், யூபிஎம் ஆகியவற்றின் தொடர்புத் துறைகள் உண்டு. படம் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் அஸ்வாரா கலைக் கழகத்தைப் பார்க்கலாம். தனியார் கல்லூரியில் டிப்ளோமா சேர, ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் பொதுவாக மூன்று கிரெடிட் கேட்பார்கள், அரசாங்கத்தின் பிடிபிடிஎன் கல்விக் கடன் கிடைக்கும். இந்தத் தகவல் எல்லாம் எங்கேயும் கிடைப்பதுதான். பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கே இல்லை. படித்து முடித்து, கடைசிப் பருவத்தில் ப்ராக்டிக்கலுக்குப் போகும்போது விழுகிறார்கள். அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

மூன்று மாதம்

ப்ராக்டிக்கல் மூன்று மாதமோ, அதற்கு மேலோ நடக்கும். பல இடங்களில் சிறிய அலவன்ஸ், சில இடங்களில் அதுவும் இல்லை. 2025-இல் மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. பயிற்சிக்கு வரும் மாணவருக்கு அந்தச் சட்டம் பொருந்துவதில்லை. அம்மா தோட்டத்தில் அந்த 1,700 வெள்ளியைச் சுற்றிச் சம்பாதிக்கிற வீட்டில், மகள் கோலாலம்பூரில் அறை எடுத்து, சாப்பிட்டு, ரயிலேறி, மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டும். பெட்டாலிங் ஜெயாவில் பெற்றோர் வீட்டிலிருந்தே வேலைக்குப் போகும் பிள்ளைக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. திறமை ஒன்றாகவே இருந்தாலும் முதல் படியில் ஒருத்தி ஏறுகிறாள், இன்னொருத்தி கீழே நின்றுவிடுகிறாள்.

என் ப்ராக்டிக்கலும் அப்படித்தான் போனது. பந்திங்கில் ரயில் இல்லை. விடிவதற்கு முன்னால் பஸ் பிடித்துக் கிள்ளான், அங்கிருந்து கொமுட்டர். காலையில் போய்விடலாம். இரவுதான் சிக்கல். பத்திரிகை அலுவலகத்தில் முக்கியமான வேலை சாயங்காலத்துக்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். பக்கம் முடியும் நேரத்தில் கிள்ளானிலிருந்து பந்திங்குக்குக் கடைசி பஸ் போயிருக்கும். ஆகவே நான் ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டியிருந்தது. "இவனுக்கு ஆர்வம் பத்தாது" என்று அங்கே ஒருவர் என் மதிப்பீட்டுத் தாளில் எழுதினார். பஸ் நேரம் அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை நினைக்கிறேன். அதனால் இப்போது பிள்ளைகளிடம் சொல்கிறேன்: முதல் நாளே சொல்லிவிடுங்கள், "அண்ணே, எனக்குக் கடைசி பஸ் இத்தனை மணிக்கு, ராத்திரி ஷிஃப்ட் கொடுத்தால் தங்க இடம் வேண்டும்" என்று. கேட்பதில் அவமானம் எதுவும் இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். செய்தி வாசிப்பாளராக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். காலைச் செய்திக்கு விடியற்காலையில் ஸ்டுடியோவில் இருக்க வேண்டும். அரசாங்க ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம் இருக்கும் அங்காசாபுரிக்குப் பக்கத்தில் யார் வீட்டில் தங்குவது என்ற ஒரு கேள்வியில் அப்பா "வேணாம்மா, டீச்சர் வேலைக்குப் போ" என்று முடித்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குப் பதில் சொல்லும் ஏற்பாடு எதையும் நாம் செய்து வைக்கவில்லை.

மூன்று மொழி

இனி செய்தி அறைக்குள் நடக்கும் வேலைக்கு வருவோம். தோட்டப்புறப் பிள்ளைகளுக்குத் தாங்கள் கையில் வைத்திருக்கும் சொத்து என்னவென்று தெரியாத இடம் இது.

மலேசியாவில் தமிழ்ச் செய்தியாளரின் வேலையில் பாதி மொழிபெயர்ப்பு. நாடாளுமன்றம், நீதிமன்றம், போலீஸ் செய்தியாளர் கூட்டம் எல்லாம் மலாயில் நடக்கும். கம்பெனி அறிக்கை ஆங்கிலத்தில் வரும். எழுதுவது தமிழில். மலாய்ச் சொல் ஒன்று தப்பினால் ஒரு மனிதனின் மானம் போய்விடும். ஒருவர் 'மெண்டக்வா' என்றால் அவர் ஒன்றைச் சொல்கிறார், குற்றம் சாட்டுகிறார். அதே ஆள் 'டிடக்வா' என்றால் அவர் மீதே நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது. 'டிஷாக்கி' என்றால் சந்தேகம் மட்டும். 'டித்தாஹான்' என்றால் பிடித்து வைத்திருக்கிறார்கள், இன்னும் குற்றம் சாட்டவில்லை. அவசரத்தில் இந்தக் கடைசி மூன்றையும் 'குற்றவாளி' என்று தலைப்பில் எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் வக்கீல் நோட்டீஸ் வரும்.

தமிழின் பக்கமும் குழி இருக்கிறது. மலாயில் 'மெனாஃபிக்கான்' என்றால் அப்படி ஒன்று நடக்கவில்லை என்கிறார். 'மெனோலாக்' என்றால் கொடுத்ததை ஏற்கவில்லை. 'எங்கான் மெங்கூலாஸ்' என்றால் வாயே திறக்கவில்லை. தமிழில் மூன்றுக்கும் 'மறுத்தார்' என்று எழுதிவிட்டுப் போய்விட முடியும். படிப்பவருக்கு அமைச்சர் லஞ்சம் வாங்கவில்லை என்கிறாரா, பதில் சொல்லவில்லையா என்று தெரியாது. இந்த வித்தியாசத்தைப் பிடிக்கும் காது சும்மா வராது. மூன்று மொழியிலும் வாழ்ந்தவர்களுக்குத்தான் வரும்.

பந்திங் பிள்ளை எப்படி வளர்கிறது என்று பாருங்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலாய், பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் மலாயோடு கொஞ்சம் ஹொக்கியன், கைப்பேசியில் ஆங்கிலம். செய்தி ஆசிரியர்கள் தேடும் ஆள் இதுதான். குறை எங்கே என்றால், பேச்சு மலாய் சரளமாக வருகிறது, அலுவல் மலாய் வருவதில்லை. ஆகவே நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் முதல் பயிற்சி, ஒரே செய்தியை மலாய் நாளிதழிலும் தமிழ் நாளிதழிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது விட்டுப்போயிருக்கிறது, எது மாறியிருக்கிறது என்று கோடு போடச் சொல்வது. ஒரு மாதம் செய்தால் போதும், கண் திறந்துவிடும். எஸ்பிஎம் மலாய்த் தாளையும் இதே காரணத்துக்காக வற்புறுத்துகிறேன். ஆர்டிஎம்மில் நிரந்தர வேலை அரசாங்க வேலை. பெரும்பாலான பதவிகளுக்கு எஸ்பிஎம் மலாயில் கிரெடிட் கேட்பார்கள். குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது இல்லாமல் விண்ணப்பம் நகராது.

செய்தி இங்கேதான் இருக்கிறது

"எங்க ஊர்ல என்ன சார் நியூஸ் இருக்கு?" என்பது இரண்டாவது கேள்வி. 2018-இல் சீனா பிளாஸ்டிக் கழிவு வாங்குவதை நிறுத்தியதும் உலகத்தின் குப்பை வந்து இறங்கிய இடங்களில் ஒன்று, பந்திங்கிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஜென்ஜாரோம். இரவில் எரித்தார்கள். மூச்சு முட்டியது. வெளிநாட்டு நிருபர்கள் விமானம் ஏறி வந்து எழுதினார்கள். அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டே எஸ்பிஎம்முக்குப் படித்த பிள்ளைகள் இங்கே எத்தனை பேர்! அவர்களில் ஒருவர் கையில் அன்று ஒரு பத்திரிகை இருந்திருந்தால்? 2020-இல் கோலலங்காட் வடக்குக் காட்டின் 931 ஹெக்டரைப் பாதுகாப்பிலிருந்து எடுக்கும் திட்டம் வந்தது. 2021-இல் அதில் பெரும்பகுதியின் பாதுகாப்பு நீக்கப்பட்ட விஷயம் வெளியே தெரிந்ததும் பெரிய எதிர்ப்பு கிளம்பி, செப்டம்பரில் மாநில அரசு அதைத் திரும்பப் பெற்றது. அந்தக் காட்டை ஒட்டி வாழ்கிறவர்கள் தெமுவான் பழங்குடி மக்கள். அவர்கள் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளோடு ஒரே இடைநிலைப்பள்ளிகளில் படிக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தமிழ் மாணவர்களைப் பற்றி மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆர்டிஎம்மின் ஆஷிக் எஃப்எம் செமாய், தெமியார் போன்ற ஓராங் அஸ்லி (பழங்குடி) மொழிகளில் ஒலிபரப்புகிறது. கேரித்தீவில் மரச்சிற்பத்துக்குப் பேர் போன சுங்கை பும்புன் கிராமத்துப் பிள்ளை ஒலிவாங்கி பிடிக்க வேண்டும் என்றால் அப்படி ஒரு நிலையம் இருப்பதே முதலில் தெரிய வேண்டும். என் வகுப்புக்கு வந்த ஒரு மா மெரி மாணவனுக்குத் தெரியவில்லை. அவனுடைய ஆசிரியருக்கும் தெரியவில்லை. அவனைச் சுற்றுலாப் பயணிகள் எத்தனையோ முறை படம் எடுத்திருக்கிறார்கள். அவன் எடுத்த படத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை.

எது உதவுகிறது

தோட்டப் பட்டணத்தில் ஊடக வேலையின் முதல் முதலாளி கல்யாண வீடியோக்காரர். அடுத்தவர் மைக் செட் போடுகிறவர். தீமிதித் திருவிழாவை முகநூலில் நேரலையாகப் போடும் பையன்கள் கூட்டமும், மின்சாரமும், மழையும் சூழ இரண்டு மணி நேரம் ஒலி அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இதை அவர்கள் தங்கள் சுயவிவரத்தில் எழுதுவதே இல்லை. 'பள்ளி நூலகக் கழகச் செயலாளர்' என்று எழுதுகிறார்கள். ஒளிபரப்பு நிலையத்தில் ஆள் எடுக்கிறவருக்கு அந்தத் திருவிழா நேரலைதான் முக்கியம். கணினி இல்லாத பிள்ளைகளுக்கு அரசாங்கத்தின் நாடி இணைய மையங்கள் இருக்கின்றன, முன்பு பெடி (PEDi) என்று அழைத்தார்களே, அவைதான். நாடு முழுக்க 1,000-க்கும் மேல் உண்டு. அங்கே போய் ஒலி, ஒளி தொகுத்துப் பழகலாம்.

ஆனால் கருவியும் பயிற்சியும் பாதிதான். பழைய கதை வகுப்பில் இருந்த முக்கியமான பொருள் வேறு. எழுதியதைப் படித்துத் திருத்தித் திருப்பி அனுப்பும் ஒரு மனிதர். வேலையில் இருக்கும் செய்தியாளர் ஒருவர், தோட்டப்புறத்து மாணவர் இருவருக்கு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வாட்சாப்பில் 300 சொல் செய்தியைத் திருத்திக் கொடுத்தாலே போதும். அரை மணி நேரம் ஆகும். ஒரு வருடத்தில் இருபத்தைந்து செய்தி கையில் இருக்கும். எந்தச் சான்றிதழையும் விட அது பேசும்.

பணத்தைப் பற்றி ஊர்ச் சங்கங்களிடம் நான் வெளிப்படையாகவே கேட்டு வருகிறேன். எஸ்பிஎம் முடிவு வந்ததும் மண்டபம் பிடித்து, பிரமுகரை அழைத்து, கேடயமும் மாலையும் கொடுக்கிறோம். பிள்ளைகளுக்கு அது மகிழ்ச்சிதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் செலவில் ஒரு பகுதியை எடுத்து, ப்ராக்டிக்கலுக்குப் போகும் ஒரு மாணவிக்கு மூன்று மாத அறை வாடகையாகக் கொடுங்கள். கோயில் நிர்வாகங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் மனம் வைத்தால் முடியும். ஊடக நிறுவனங்களிடம் கேட்பது ஒன்றே: பயிற்சி மாணவருக்குப் போக்குவரத்துக்காவது காசு கொடுங்கள், வாரத்தில் இரண்டு நாளாவது ஊரிலிருந்தே செய்தி அனுப்ப விடுங்கள். செய்தி அனுப்ப இன்று தபால்கூட வேண்டாமே.

போன மாதம் என்னிடம் படிக்கும் ஒரு ஆறாம் படிவ மாணவி தன் தாமானில் (குடியிருப்பில்) மூன்று மாதமாக அடைத்துக் கிடக்கும் சாக்கடையைப் பற்றி எழுதினாள். பதினொரு வீட்டில் போய்ப் பேசியிருந்தாள். படம் எடுத்திருந்தாள். மூன்று முறை திருத்தினோம். நகராண்மைக் கழகத்தின் கருத்து இல்லாமல் வெளியே போகாது என்றேன். பயந்து பயந்து மலாயில் நான்கு கேள்வி எழுதி வைத்துக்கொண்டு போன் செய்தாள். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். கேள்விகளைக் கேட்டுக்கொண்டு, "எந்தப் பத்திரிகை?" என்று கேட்டார். தகவல் இலாகாவின் ஊடக அட்டைக்கும் பின்னால் ஒரு நிறுவனம் இருக்க வேண்டும். அவளுக்கு அப்படி எதுவும் இல்லை. போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் வேலை பார்த்த பத்திரிகையின் பெயரை இப்போது சொல்ல எனக்கு உரிமை இல்லை. "பந்திங்கில் இருக்கேன், செய்தி எழுதுறேன்னு சொல்லு" என்றேன். அவள் அப்படியே சொன்னாள். அவர் மின்னஞ்சல் முகவரி கொடுத்தார். பதில் இன்னும் வரவில்லை. செய்தி தயாராக இருக்கிறது. அதை வாங்கிப் போட ஒரு ஆசிரியரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.